ஆறாம் எண் வீட்டில் குடியிருப்பவருக்கு

பிப்ரவரி 4

குடியிருப்பவர்,
ஆறாம் எண் வீடு, இரண்டாம் மாடி.

ஐயா,

தாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் கட்டடமும் அதை ஒட்டிய காலி மனையும் எங்கள் நிறுவனத்தால் வாங்கப்பட்டு, அங்கே புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு எழ இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். தங்களுக்கு ஊர் எல்லையில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டுள்ளது. மார்ச் மாத இறுதிக்குள் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஐயம் இருப்பின் என்னை நேரில் அணுகலாம்.

இப்படிக்கு,
பயிற்சி அதிகாரி,
குடியிருப்போர் தொடர்புப் பிரிவு


பிப்ரவரி 7

பயிற்சி அதிகாரி அம்மையாருக்கு,

உள்ளே இருந்தது டைப் அடித்த தாள். உறையின் மேல் முகவரி மட்டும் கையெழுத்து. ‘இரண்டாம்’ என்பதில் அந்த ‘இ’, முட்டையிட உட்கார்ந்த கோழி மாதிரி இருக்கிறது. அப்படி எழுதுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவளும் அவள்தான்.

நல்லாயிருக்கு சுண்டெலி. நான் வீட்டை விட்டு வந்து எட்டு வருஷம். அப்பாவிடமிருந்து ஒரு வரி இல்லை, அம்மாவிடமிருந்து ஒரு வரி இல்லை, உன்னிடமிருந்தும் இல்லை. முதல்முதலாக வருகிற கடிதம் ‘ஐயா, காலி செய்யுங்கள்’ என்று வருகிறது.

உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். உன் கம்பெனி இரண்டு வருஷமாக எங்களைக் கிளப்பப் பார்க்கிறது. முதலில் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு மாடிப்படி விளக்கைப் பிடுங்கினார்கள். அப்புறம் ஆள் அனுப்பினார்கள். வந்தவர்கள் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, “இது இன்னிக்கோ நாளைக்கோ விழுந்துரும், பிள்ளைகுட்டிக்காரங்க, பாத்துக்குங்க” என்றார்கள். நாங்கள் பயப்படவில்லை. கட்டடமும் விழவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு குடும்பமும் கூடி ஒரு முடிவு எடுத்தோம்: கம்பெனியோடு என்ன பேச்சானாலும் எழுத்தில்தான். எங்கள் சார்பில் பேச என்னைத்தான் போட்டிருக்கிறார்கள்.

அதனால் நேரில் வராதே. கம்பெனியின் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் வாசலில் நிற்காதே. சொல்ல வேண்டியதை எழுதி, மாடிப்படிக்குக் கீழே இருக்கிற தபால் பெட்டியில் போடு.

காலி செய்ய முடியாது.

ஆறாம் எண்


பிப்ரவரி 10

அண்ணா,

இது கம்பெனித் தாள் இல்லை. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

தெரிந்துதான் எழுதினேன். வேலையில் சேர்ந்த மறுநாளே குடியிருப்போர் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். உன் பெயர், பக்கத்தில் அப்பா பெயர். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வேறு ஊரில் போடச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று பயந்து கேட்கவில்லை. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

கட்டடப் பொறியியல் படிப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை அண்ணா. பட்டதாரிப் பயிற்சி என்று ஐந்து பேரை எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் நிலம் வாங்குவது, வரைபடம், விற்பனை, குடியிருப்போர் தொடர்பு என்று எல்லாப் பிரிவிலும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். தேறினால் நிரந்தரம். நேர்காணலில் “வீடு கட்டுற தொழிலுக்கு ஏன் வர்றீங்க?” என்று கேட்டபோது, “எல்லாருக்கும் ஒரு வீடு வேணும் சார்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே வந்த முதல் நாள் மேனேஜர் சொன்னார், “முதல் ஆறு மாசம் காதை மட்டும் தொறந்து வெச்சுக்கோ. வாய்க்கு வேலையில்லை.” ஐந்து பேரில் இரண்டு பேர் ஏற்கெனவே ஓடிவிட்டார்கள். நானும் தினமும் காலையில் ஓடத்தான் நினைக்கிறேன். ஆனால் அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

என் அலுவலகம் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தகர அறை. புதுக் கட்டடத்தின் கார் நிறுத்தத்துக்காக இரண்டு மாடி ஆழம் தோண்டியிருக்கிறார்களே, அதன் விளிம்பில். என் ஜன்னலுக்கு நேர் எதிரே உன் பால்கனி. கொடியில் துணி காய்வது கூடத் தெரியும். போன வாரம் நீ ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றாய். கல்யாணத்தின்போதே அண்ணியோடு வந்த குழந்தை அதுதானே? அன்றைக்கு அது கைக்குழந்தை. அப்பா கதவைச் சாத்தியபோது அது அழுத சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. பதினாலு வயது எனக்கு. அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் பெயரைச் சொல்லி எழுது. வேண்டாமென்றால் எழுதாதே.

உன் தங்கை


பிப்ரவரி 19

சுண்டெலி,

பதில் போடக் கூடாது என்றுதான் இருந்தேன். உன் அண்ணி கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டு, “பாவம், கழிவறைக்குள்ள போய் நின்னுச்சாம்” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் பாவம் பார்க்க ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்காது.

குழந்தையைப் பட்டாணி என்றுதான் கூப்பிடுகிறோம். எட்டு முடிந்து ஒன்பது. கேள்வி கேட்டே ஆளைக் கொன்றுவிடும். “யாருப்பா லெட்டர் போடறா?” என்றது. “அத்தை” என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து தபால் பெட்டியைத் திறப்பது அவள் வேலை.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக். அண்ணி கண் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் சீட்டுப் போடுகிறாள். இங்கிருந்து இரண்டு பேருக்கும் நடந்து போகிற தூரம், பள்ளிக்கூடமும் பக்கம். நீங்கள் கொடுக்கிற ஊர் எல்லை வீட்டிலிருந்து மூன்று பேரும் என்ன பறந்தா வருவது? அதைத்தான் இரண்டு வருஷமாகக் கேட்கிறோம்.

நேற்று குளியலறைக் கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. பட்டாணி உள்ளே. தோளால் இடித்துத் திறந்தேன். அடிப்பக்கம் கொஞ்சம் இழைத்துவிட்டேன், இப்போது சாத்தினாலும் தானாகத் திறந்துகொள்கிறது. ஈரத்துக்கு மரம் உப்பியிருக்கும். கீழ்வீட்டிலும் அப்படித்தானாம். இதைக் கொண்டுபோய் உன் ஆட்களிடம் சொல்லி வைக்காதே, உடனே ஆள் அனுப்பிச் சுவரைத் தட்டுவார்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்


மார்ச் 1

அண்ணா,

குளியலறைக் கதவு மாட்டிக்கொண்டது மரம் உப்பியதால் இல்லை.

நிதானமாக எழுதப் பார்க்கிறேன். போன வாரம் சைட் இன்ஜினியரோடு உங்கள் கட்டடத்தின் பின்பக்கம் போனேன். பள்ளத்தைப் பார்த்த சுவரில், பின்மாடிப்படிக்கு அருகே, ஒரு விரிசல். அதன் மேல் குறுக்காகச் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒட்டினோம். சுவர் நகராவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும், நகர்ந்தால் உடையும். இன்று காலை போய்ப் பார்த்தேன். எல்லாம் உடைந்திருந்தன. ஒன்று கூடத் தப்பவில்லை.

இன்ஜினியர் அவற்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் மேனேஜரிடம் ஓடினேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“விரிசல்ங்கிற வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக் கூடாது,” என்றார்.

“சார், உள்ள ஆளுங்க இருக்காங்க.”

“மாசக் கடைசியில போயிடுவாங்க. இப்ப நீ விரிசல்னா நகராட்சிக்காரன் வந்து குழியை நிறுத்துவான். குழி நின்னா எல்லாம் நின்னுச்சு. உன் வேலை என்ன? அவங்களைப் புது வீட்டுக்கு ஆசைப்பட வைக்கிறது. அதைச் செய்.”

சரி சார் என்றேன் அண்ணா. என் வாய் தானாகச் சொன்னது. வெளியே வந்த பிறகுதான் அழுகை வந்தது.

அண்ணியையும் பட்டாணியையும் கூட்டிக்கொண்டு போய்விடு. இன்றே போ. நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதே.

உன் தங்கை


மார்ச் 3

இனிமேல் எழுதாதே.

நேற்று டிப்போ வாசலில் உன் மேனேஜர் காரை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தான். கையைப் பிடித்துக் குலுக்கினான். “உங்க தங்கச்சி நல்ல பொண்ணு. சின்ன வயசுலயே நல்ல பொறுப்பு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா மத்தவங்களும் போட்டுருவாங்க, அந்தப் பொண்ணுக்கும் வேலை நிரந்தரமாயிடும்,” என்றான். கூட வேலை செய்கிற நாலு பேர் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

ஆக, இதற்குத்தான் உன்னை இங்கே போட்டிருக்கிறார்கள். முதலில் பாசம், அப்புறம் பயம். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், நடக்கவில்லை. இப்போது என் கூடப் பிறந்தவளையே அனுப்பி ‘விழப் போகுது அண்ணா’ என்று சொல்ல வைக்கிறார்கள். நானும் ஒரு மடையன், அண்ணி சொன்னாளே என்று பதில் போட்டேன்.

மூன்றாம் மாடித் தையல்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். நான் விலை போய்விட்டேன் என்று கட்டடத்தில் பேச்சு. அப்பா அன்று ஒரு முறைதான் கதவைச் சாத்தினார். நீ என்னைப் பதினோரு கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டாய்.


மார்ச் 4

அண்ணா,

நான் சொல்லவில்லை. என் விண்ணப்பத்தில் அப்பா பெயர் இருக்கிறது, பட்டியலில் உன் பெயருக்குப் பக்கத்திலும் இருக்கிறது. அவர் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டு, “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்று சிரித்தார்.

இன்று காலை அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நகராட்சியில் கட்டட ஆய்வுப் பிரிவுக்குப் போனேன். புகார் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். ஒரு வாரம் தாங்காது.

ஏனென்று சொல்கிறேன். பள்ளத்தில் ஊறும் தண்ணீரைப் பகல் முழுக்கப் பம்ப் வைத்து இறைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இதுவரை தெளிவாக வந்தது. நேற்றிலிருந்து கலங்கி, மஞ்சளாக, மண்ணோடு வருகிறது. அது பள்ளத்து மண் இல்லை அண்ணா. உங்கள் வீட்டுக்கு அடியில் இருந்த மண். நான் ஜன்னலில் உட்கார்ந்து அது குழாயில் வந்து சாக்கடையில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரே உன் கொடியில் பட்டாணியின் பள்ளிக்கூடப் பாவாடை காய்கிறது.

என்னை நம்ப வேண்டாம். குளியலறையில் அகலமான தொட்டி இருந்தால் அதில் தண்ணீர் நிரப்பி அறைத் தரையில் வை. தண்ணீர் எந்தப் பக்கம் விளிம்பை முட்டுகிறது என்று பார். பிறகு வெளியே வந்து குழாயிலிருந்து வரும் தண்ணீரைப் பார்.

நீ என்னைத் திட்டிக்கொண்டே போனாலும் பரவாயில்லை. போய்விடு.


மார்ச் 5

பார்த்தேன்.

தொட்டியில் பள்ளத்துப் பக்கம் தண்ணீர் வழிந்தது. இந்தப் பக்கம் ஒரு விரல் காலியாக நின்றது. பட்டாணி “தொட்டி கோணலாப்பா?” என்றாள். தொட்டியைத் திருப்பி வைத்தேன். மறுபடி அதே பக்கம்தான் வழிந்தது. அண்ணி பையை எடுத்துத் துணியை அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு பேரையும் அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

நான் இங்கேதான் இருக்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. சுவருக்குள் யாரோ சுள்ளி ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கேட்டால் மூச்சை நிறுத்திக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆனால் எப்படிப் போவேன்? ‘விழாது, பயமுறுத்துறாங்க, நம்பாதீங்க’ என்று இரண்டு வருஷமாகச் சொன்னவன் நான். தையல்காரரிடம் போய்த் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். “எவ்வளவுக்குத் தம்பி?” என்றார். கீழ்வீட்டு அம்மா கதவைத் திறக்கவே இல்லை. பதினோரு குடும்பம் உள்ளே இருக்கிறது. நான் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினால், அவர்கள் நினைத்தது சரி என்று ஆகிவிடும். ஒருத்தரும் அசைய மாட்டார்கள்.

இதைப் பக்கத்துக் கடைப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்ன செய்யலாம் என்று தெரிந்தால் சொல்.


மார்ச் 5, மதியம்

அண்ணா,

நான் வருகிறேன். நீலச் சட்டையோடுதான் வருவேன், கோபித்துக்கொள்ளாதே. கட்டடம் விழும் என்று என் கம்பெனி ஆட்கள் நூறு தடவை சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் காரணம் நாங்கள்தான் என்று ஒருத்தர் கூடச் சொன்னதில்லை. அதைச் சொன்னால் நம்புவார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்தப் படி ஏறவே பயமாக இருக்கிறது. என்ன பேசப் போகிறேன் என்று தெரியவில்லை. நீ எல்லாரையும் மாடிப்படிக்குக் கூப்பிட்டு வை. முன்படிக்கு. பின்படிப் பக்கம் யாரையும் விடாதே.


மார்ச் 15

சுண்டெலி,

நீ ஊருக்குப் போன பிறகு எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். எலும்பு சேர ஆறு வாரம் ஆகுமாம்.

நீ பேசினது உனக்கு ஞாபகம் இருக்காது. முகம் வெளுத்துப்போய் இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தாய். தையல்காரர் “என்னம்மா, இன்னிக்கு உன்னை அனுப்பினாங்களா?” என்று கேட்டார். அப்போதுதான் சொன்னாய்.

“யாரும் அனுப்பலைங்க. நாங்க தோண்டின குழியாலதான் உங்க வீடு சாயுது. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தோம். தப்பு எங்களோடது. நீங்க வீட்டை எங்களுக்குக் குடுக்க வேணாம், சாவியைக் குடுக்க வேணாம். தயவுசெஞ்சு வெளிய மட்டும் வந்துடுங்க.”

கீழ்வீட்டு அம்மாதான் முதலில் திரும்பினாள். “பொய் சொல்ற ஆளு தப்பு தன்னோடதுன்னு சொல்லுமா?” என்று கேட்டுவிட்டுக் கேஸை அணைக்கப் போனாள். பிறகு ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லோரும் பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்துவிட்டோம். உன் மேனேஜர் வாசலில் நின்று உன்னைக் கூப்பிட்டுக் கத்தியது எல்லோருக்கும் கேட்டது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. கீழ்வீட்டு அம்மாவின் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

மறுநாள் காலை தையல்காரர் மெஷினை எடுக்கப் போய்விட்டார். அது இல்லாமல் அவருக்குப் பிழைப்பில்லை. ஓடிப்போய் அவரைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு முன்படியில் இறங்கினேன். கடைசிப் படியில் இருக்கும்போது கட்டடத்தின் பின்பக்கம் சரிந்து போனது. பெரிய சத்தம் என்று நினைத்திருந்தேன். இல்லை. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது, பிறகுதான் புழுதியும் இடியும். ஒரு கல் என் காலில் விழுந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. ஆறாம் எண் வீட்டில் குளியலறையும் பட்டாணி படுக்கிற அறையும் இப்போது பள்ளத்துக்குள் கிடக்கின்றன. பால்கனி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

தூக்கம் வருவதில்லை. ஆஸ்பத்திரிக் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நர்ஸ் கதவைச் சாத்தினாலும் உடம்பு தூக்கிப் போடுகிறது.

கம்பெனியில் உன்னை என்ன சொன்னார்கள்?

அண்ணன்


மார்ச் 22

அண்ணா,

வேலை போய்விட்டது. பயிற்சிக் காலத்தில் நிறுவனத்தின் நம்பிக்கைக்குப் பங்கம் விளைவித்தேனாம். குழியை நகராட்சி நிறுத்திவிட்டது. விசாரணைக்கு மேனேஜரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டுமாம். இன்ஜினியர் அந்தக் கண்ணாடித் துண்டுகளோடு வந்து சாட்சி சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வருவாரா தெரியவில்லை.

எனக்கும் தூக்கமில்லை. தெருவில் யாராவது மோட்டார் போட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன். ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று தொடங்கினால் முடிப்பதில்லை.

வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே, “எந்தக் கால்?” என்றார். இடது என்றேன். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். ஆய்வுப் பிரிவு அதிகாரி போன் செய்தார். நகராட்சியின் வீட்டு வசதிப் பிரிவில் ஒரு தற்காலிக வேலை இருக்கிறதாம். முதல் வேலையே உங்கள் பன்னிரண்டு குடும்பத்துக்கும் அதே வட்டாரத்தில் வீடு பார்ப்பது. சம்பளம் குறைவு. எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டைப் பார்த்து ‘இது நல்ல வீடு, குடியேறுங்கள்’ என்று இனி என் வாயால் சொல்ல முடியுமா? நான் சொல்லி, அது தப்பாகிப் போனால்?

உன் தங்கை


ஏப்ரல் 2

சுண்டெலி,

டிப்போவுக்குப் பின்தெருவில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். தரைத்தளம். மேலே யாரும் இல்லை, பக்கத்தில் குழியும் இல்லை. வாடகை கட்டுப்படியாகிறது. வீட்டுக்காரர் நாளைக்கே வரச் சொல்கிறார். உன் அண்ணி அசைய மாட்டேன் என்கிறாள்.

“உங்க தங்கச்சி வந்து பாக்கட்டும். அது சரின்னா பெட்டியைத் தூக்கறேன்.”

“அதுக்கே பயத்துல தூக்கம் வரலையாம்.”

“அதான் அதைக் கூப்பிடச் சொல்றேன். தைரியசாலிங்க பாத்துச் சொன்ன வீட்டுல இருந்தாச்சு.”

நானும் அதையேதான் சொல்கிறேன். வேலையை ஒத்துக்கொள். விசாரணை அன்றைக்குத் தையல்காரரும் கீழ்வீட்டு அம்மாவும் உன்னோடு வருகிறார்களாம். நானும் கட்டையை ஊன்றிக்கொண்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்.

அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணா,

வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கழிவறையில் போய் நிற்கவில்லை, அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டேன். ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.

நேற்று அப்பா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். “வாடகை வீடுன்னா தண்ணி எப்படி வருது, வடிகால் எப்படின்னு பாக்கணும். சின்னப் பொண்ணுக்கு அதெல்லாம் என்ன தெரியும்,” என்றார். நான் நாலு வருஷம் படித்தது அதைத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

எனக்குப் பயம்தான் அண்ணா. வாசல் வரை வந்து திரும்பிவிடுவாரோ, நீ ஏதாவது சொல்லிவிடுவாயோ, அண்ணி முகத்தை அவர் எப்படிப் பார்ப்பாரோ என்று ஒன்று மாற்றி ஒன்று. ஆனாலும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

நேற்று ராத்திரி படுக்கும்போது மெதுவாகக் கேட்டார், “அந்தப் பொண்ணு என்னை என்னன்னு கூப்பிடும்?”

நீ பட்டாணிக்குச் சொல்லிக்கொடுத்து வை.

உன் தங்கை